கிடாவுக்கு ஒரு பேர்

பூதத்தான் என்று பேர் வைத்த பெற்றோர் பின்னாளில் அவரைப் பார்த்திருந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார்கள். ஆள் ஒல்லி. குரல் அதைவிட ஒல்லி. வாசலில் யாராவது சத்தமாகத் தும்மினால் எழுத்தாணியைக் கீழே போட்டுவிடுவார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்த பேராச்சிக்கு நாற்பத்து மூன்று. குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் பாடம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் சற்று நேரம் விழிப்பார்கள்.

கதைப் பக்கம் வருவதற்கு முன் பூதத்தான் அரண்மனையில் நாளேடு எழுதிக்கொண்டிருந்தார். கடம்பவர்மன் ராசாவாக இருந்த காலம் அது. இன்று அரசர் மூன்று முறை புன்னகைத்தார், இன்று அரசர் மாம்பழம் உண்டார் என்று இருபத்தோரு வருஷம் எழுதினார். அதில் பொய் ஒன்றும் கிடையாது. அரசர் புன்னகைக்கத்தான் செய்தார், மாம்பழமும் உண்டார்.

கடம்பவர்மனுக்குத் தன் ஆணைகளை ஊர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை தெருத்தெருவாகத் தண்டோரா போட்டு வாசிப்பார்கள். வாசிக்கும்போது ஊரில் வேறு சத்தம் எழக்கூடாது என்பது சட்டம். ஒரு ஐப்பசி மத்தியானம் பெரிய குளத்தின் கரையில் நீர் கசிவதை மடைக்காரர் பார்த்தார். ஆபத்தென்றால் அடித்து ஊரை எழுப்புகிற தமுக்கு கையில் இருந்தது. தெருவில் ஆணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்து முடிக்கட்டும் என்று அவர் காத்து நின்றார். அதற்குள் கரை உடைந்தது. கீழத்தெருவில் நாற்பத்தொரு பேர் போனார்கள்.

அன்றைய நாளேட்டில் என்ன எழுத வேண்டும் என்று அமைச்சரிடமிருந்து உத்தரவு வந்தது. "இன்று நல்ல மழை." பூதத்தான் அப்படியே எழுதினார். எழுதிவிட்டு, எழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை. நேரே ஆற்றங்கரைக்கு நடந்தார். அங்கே பழைய சுங்கச் சாவடியில் பேராச்சி பத்துப் பேரை உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"நடந்தத எழுதப் படிக்கணும்."

"அது அரமனைலல்லா சொல்லிக்குடுப்பாவ?"

"அங்கதாம்மா இருபத்தோரு வருசம் இருந்தேன்."

பேராச்சி இருந்தவர்களை நெருங்கி உட்காரச் சொல்லி இடம் பண்ணினார். பிறகு, "உக்காருங்க" என்றார்.

ஒரு வருஷம் கழித்து பூதத்தான் தன் முதல் கதையை எழுதினார். சின்னக் கதைதான்.

மலையில் ஒரு மந்தை இருந்தது. மூடுபனி இறங்கினால் ஆடுகளுக்கு வழி தெரியாது. எல்லா ஆடுகளும் கூடிப் பேசி, ஒரு கிடாவின் கழுத்தில் மணி கட்டின. கிடா முன்னே போனது, வழியில் அருகம்புல் மேய்ந்தது. மற்ற ஆடுகள் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போய்ப் பத்திரமாகப் பட்டி சேர்ந்தன. போகப் போகக் கிடாவுக்கு மணிச் சத்தம் பிடித்துப்போனது. பனி இல்லாத நாளிலும் ஆட்டியது. ஆடுகள் கத்துவது இடைஞ்சலாக இருந்தது. "நீங்கள் கத்தினால் மணி எப்படிக் கேட்கும்? உங்கள் நன்மைக்குத்தானே மணி?" என்றது. நியாயம்தானே என்று ஆடுகள் வாயை மூடிக்கொண்டன. ஒரு நாள் பட்டிக்குப் பின்னால் ஓநாய்கள் வந்தன. கடைசியில் நின்ற ஆடு பார்த்தது. மணி ஒலித்துக்கொண்டிருந்தது. ஆடு கத்தவில்லை. அடுத்து நின்ற ஆடும் கத்தவில்லை. கிடா திரும்பிப் பார்த்தபோது பட்டியில் அதுவும் அதன் மணியும்தான் மிச்சம்.

இந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ஓடக்காரர் சொரிமுத்து. அவருடைய அக்காள் கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டு, அந்த வெள்ளத்தோடு போனவள். துடுப்புப் போட்டுக்கொண்டே கதையைச் சொல்வார். கிடா வரும் இடத்தில் கழுத்தை ஆட்டுவார். அது பேசும் முன் பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைக் கனைப்பார். ஓடத்தில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கரை வந்து இறங்கும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். கதையை எழுதியது பூதத்தான் என்றாலும் அதற்கு உயிர் கொடுத்தது சொரிமுத்துவின் தொண்டைதான். பூதத்தானும் வாரம் ஒரு தடவை காரணம் இல்லாமலே ஆற்றைத் தாண்டிவிட்டுத் திரும்புவார், தன் கதையைக் கேட்பதற்காக.

இரண்டு வருஷத்தில் நாடே எழுந்து நின்றது. கடம்பவர்மனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டதும் சொரிமுத்துவின் ஓடம்தான். திரும்பி வந்தவரை ஊர் விடவில்லை, நாட்டை நீங்களே இருந்து பாருங்கள் என்று உட்கார வைத்துவிட்டது. முதல் வருஷம் அவரை ஓடக்காரர் என்றார்கள். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. மூன்றாம் வருஷம் தலைவர் என்றார்கள். ஆறாம் வருஷம் பேரும் சொல்வதில்லை, பட்டமும் சொல்வதில்லை. வெறுமனே "அவிய" என்றாலே சொரிமுத்துதான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஊரில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கரை உடைந்த அந்த ஐப்பசி நாளில் வருஷா வருஷம் புதிய கரையில் சனங்கள் கூடுவார்கள். பூதத்தான் கிடாக் கதையை வாசிப்பார். வாசித்து முடித்து ஏட்டை மூடிவிட்டு, "அந்தக் கிடா யாரு?" என்று கேட்பார். ஊர் ஒரே குரலாக, "கடம்பவர்மன்!" என்று கத்தும். குளத்து நாரைகள் எல்லாம் கிளம்பிவிடும். பிறகு எல்லோருக்கும் பானகம். அந்த ஒரு சத்தத்தைக் கேட்கத்தான் பூதத்தான் வருஷம் முழுக்கக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வருஷமும் கேட்டார். பதில் வரவில்லை.

தன் குரல்தான் எட்டவில்லை போலும் என்று இன்னொரு தரம் கேட்டார். முன்வரிசையில் இருந்த பாய் முடைகிற ஒரு பெண் மெல்லத் தலையைத் திருப்பினாள். சனங்களோடு சனமாகப் பாயில் உட்கார்ந்திருந்த சொரிமுத்துவைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. பிறகு எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கடம்பவர்மன்!"

சொரிமுத்துதான் கத்தினார். ஓடக்காரக் குரல், அக்கரை வரை கேட்டிருக்கும். கூடச் சேர்ந்து கத்த ஒருவரும் இல்லை. பானகத்தை யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். இப்போது மடைக்காரராக இருந்தவர் இசக்கி. பத்து நாளைக்கு முன் புதிய கரையில் ஓரிடத்தில் ஈரம் கண்டு தமுக்கை அடித்தார். அந்த நேரம் பார்த்துக் கடைத்தெருவில் சொரிமுத்துவின் ஆள் விழா அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தான். சனங்கள் அவனை அம்போ என்று விட்டுவிட்டுக் குளத்துக்கு ஓடினார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, சும்மா ஈரம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஊரைக் கலைத்ததற்காக இசக்கியைக் காவலில் வைத்தார்கள். இன்னும் விடவில்லை.

மறுநாள் காலையில் சொரிமுத்து ஆள் அனுப்பினார்.

அரண்மனையில் அவர் சிம்மாசனத்தில் உட்காருவதில்லை. தன் பழைய ஓடத்துப் பலகை ஒன்றைப் போட்டு அதில்தான் உட்காருவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பூதத்தானுக்கு மனசு இளகிப் போகும்.

"வாரும் பூதம். சாப்ட்டீரா?"

"ஆச்சு."

"பொய் சொல்லுதீரு. மொகம் வாடிக் கெடக்கு."

இட்லி வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தின்று முடிக்கும்வரை சொரிமுத்து வேறு பேச்சு எடுக்கவில்லை. கை கழுவத் தண்ணீரும் அவரே ஊற்றினார்.

"நேத்து பாத்தீரா?"

"பாத்தேன்."

"என்னையப் பாத்தானுவ வே. என்னைய. இந்தக் கதைய எத்தனை ஊருல சொல்லியிருப்பேன்? கடைசில எனக்கே அதுக்குள்ள ஒரு எடம் போட்டுக் குடுத்துட்டானுவ."

பூதத்தான் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

"நீரு யார நெனச்சு எழுதினீரு? உள்ளதச் சொல்லும்."

"கடம்பவர்மனத்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப அத எழுதிரும். கிடான்னு எதுக்குச் சொல்லணும்? அன்னைக்கு உசுருக்குப் பயம், ஆட்டுத்தோலப் போத்திக்கிட்டு எழுதினீரு. இன்னைக்கு யாருக்குப் பயம்? பேரு, ஊரு, வருசம், கெழமை எல்லாம் போட்டு எழுதும். ஊருக்கு ஒரு ஏடு நான் அனுப்புதேன். ஆட்டுக் கதை இருக்கது எல்லாத்தையும் வாங்கிக் கொளத்துல போட்டிருவோம். பௌர்ணமிக்குள்ள வேணும்."

"எனக்கு முடியலன்னா?"

சொரிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பூதத்தானுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முடியலன்னா நீரும் அவனுவ கூடச் சேந்து என்னையத்தான் பாக்கீருன்னு நெனச்சுக்கிடுவேன். அப்புறம் கரைல அந்தக் கதைய யாரும் வாசிக்க வேண்டாம். நீரும் இங்க வர வேண்டாம்."

ஆற்றங்கரை வரை பூதத்தான் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தார். சிநேகிதன் கேட்டதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. குற்றம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சாவடியில் பேராச்சி முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கை நிற்கவில்லை.

"உங்களுக்கு என்ன தோணுது அண்ணாச்சி?"

"அவரு உண்மையத்தானம்மா எழுதச் சொல்லுதாரு. ஒம்பது வருசமா அந்தப் பேரு என் தொண்டைல நிக்கி. நல்ல மழைன்னு எழுதின கை இது. இந்தக் கையால அந்தப் பேர எழுதாமப் போனா என் கட்டை வேகாது."

"அப்ப எழுதுங்க."

"எழுதவா?"

"எழுதுங்கன்னுதான சொல்லுதேன். ஓலை அந்தா இருக்கு."

பூதத்தான் உட்கார்ந்தார். கிடா என்று இருந்த இடத்தில் எல்லாம் கடம்பவர்மன் என்று மாற்றினார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. எடுத்து வாசித்தார்.

"கடம்பவர்மனின் கழுத்தில் ஆடுகள் மணி கட்டின. கடம்பவர்மன் முன்னே போனார். வழியில் கடம்பவர்மன் அருகம்புல் மேய்ந்தார்."

பேராச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பூதத்தானுக்கு முதலில் ரோஷம் வந்தது, பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாம்பழம் தின்னுக்கிட்டிருந்த மனுசன இப்படிப் புல்லு மேய விட்டுட்டியளே."

"வேற எப்படிம்மா எழுத?"

"ஆட்ட விட்டுருங்க. நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்க. அதுக்குத்தான மொத நாளு இங்க வந்திய."

மூன்று நாள் எழுதினார். ஆணையின் வாசகம், வாசித்த தெரு, வாசித்த நேரம் எல்லாம் எழுதினார். கீழத்தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டு, போனவர்கள் நாற்பத்தொரு பேருடைய பெயரையும் எழுதினார். மடைக்காரர் தமுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடம் வந்தபோது எழுத்தாணியை வைத்துவிட்டு அழுதார். "இன்று நல்ல மழை என்று எழுதியவன் நான்" என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்தார். அதை எழுதிய பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.

நாலாம் நாள் காலை பேராச்சிக்கு வாசித்துக் காட்டினார். நாற்பத்தொரு பெயர் வரும்போது பேராச்சி எழுந்து நின்று கேட்டார். முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது இருக்கணும் அண்ணாச்சி. இதுல ஒரு எழுத்த மாத்த வேண்டாம்."

"அப்ப கிடாக் கதைய என்ன செய்ய?"

"ரெண்டையும் கொண்டு போங்க. மொதல்ல இத வாசிங்க. அப்புறம் அவர அந்தக் கதையச் சொல்லச் சொல்லுங்க. நீங்க வாசிக்கப்படாது. அவரு வாயால சொல்லணும்."

"அவரு எங்க சொல்லப் போறாரு?"

"ஓடக்காரரக் கதை சொல்லுங்கன்னு நீங்க கேட்டுத்தான் பாருங்களேன்."

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. பூதத்தான் இரண்டு ஏட்டையும் துண்டில் கட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க, இன்று கேட்கிற சிநேகிதன் குரல்தான் கடைசியோ என்று இருந்தது. சொரிமுத்துவை விட்டால் அந்த ஊரில் அவரை "பூதம்" என்று கூப்பிட வேறு ஆள் கிடையாது.

சொரிமுத்து பலகையில் உட்கார்ந்து வரலாற்றைக் கேட்டார். கடம்பவர்மன் பேர் வரும்போதெல்லாம் "பாவி" என்றார். அக்காள் பேர் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். வாசித்து முடித்தபோது அவர் முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி தெளிந்திருந்தது.

"இதான் வே வேணும். எம்புட்டு கெட்டவன் பாத்தீரா? இத ஒருத்தன் கேட்டான்னா, அப்புறம் அங்கயும் இங்கயும் திரும்பிப் பாப்பானா?"

"பாக்க மாட்டான்."

"அந்த ஆட்டுக் கதை ஏட்டக் குடும்."

பூதத்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன வே?"

"தண்ணில போடுததுக்கு முன்னால ஒரு தடவ சொல்லுமே. நீரு சொல்லி நான் கேட்டு ஆறு வருசம் ஆச்சு."

"இப்ப எதுக்கு அது?"

"நான் எழுதினதுதான். ஆனா நீரு சொன்னாத்தான் எனக்கே அது கதையாத் தெரியும்."

சொரிமுத்து சிரித்தார். முடியாது என்று கையை ஆட்டினார். பிறகு வாசலில் நின்ற காவலர்களைப் பார்த்தார், அவர்களை வெளியே போகச் சொன்னார். சொல்லத் தொடங்கியபோது பலகையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் இரண்டு கைகளும் தாமாகவே துடுப்புப் போட ஆரம்பித்தன.

மூடுபனி வந்தது. மணி கட்டினார்கள். கிடா நடந்தது, சொரிமுத்துவின் கழுத்து ஆடியது. பூதத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை நாள் இந்த ஆளை எங்கே வைத்திருந்தார்கள் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. சொரிமுத்துவும் சிரித்துக்கொண்டே, பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"நீங்க கத்தினா மணி எப்படிக் கேக்கும்? உங்க நன்மைக்குத்தான மணி?"

கைகள் நின்றன.

நூறு ஊரில் சொன்ன கதை. அடுத்த வரி மறந்திருக்க வழியில்லை. பூதத்தான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கடைத்தெருவில் யாரோ அறிவிப்பு வாசிக்கும் சத்தம் கேட்டது. அது நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது. சொரிமுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இசக்கிகிட்ட நான் பேசினத ஒமக்கு யாரு சொன்னா?"

"எனக்கு ஒன்னும் தெரியாதே. என்ன பேசினீரு?"

"இதத்தான் வே. என் ஆளு வாசிக்கும்போது நீ தமுக்கடிச்சா சனத்துக்கு எப்படிக் கேக்கும், அவிய நன்மைக்குத்தான வாசிக்கான்னு கேட்டேன். கேக்கதுக்கு முன்னால தொண்டையக்கூட கனைச்சேன்."

பூதத்தான் ஓர் அடி பின்னால் போனார். "நான் எட்டு வருசத்துக்கு முன்னால எழுதினது அது" என்றார்.

"தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்தான."

சொரிமுத்து பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீரு போம். ரெண்டு ஏடும் இங்கயே கெடக்கட்டும்."

இரண்டு நாள் ஒரு சேதியும் இல்லை. பூதத்தான் சாவடியில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் தும்மினாலும் எழுந்து நின்றார். சாப்பாடு இறங்கவில்லை. காவலர்கள் வந்தால் கட்டிக்கொள்ள நல்ல வேட்டி ஒன்றை மடித்துத் தயாராக வைத்திருந்தார். பேராச்சி அந்த வேட்டியை எடுத்து ஓலைக் கட்டைச் சுற்றி வைத்துவிட்டு, மொச்சைக் குழம்பைச் சுடச்சுடக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அவர் உண்ணும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் விடிந்து வெகு நேரம் ஆகியும் தெருவில் தண்டோராச் சத்தம் கேட்கவில்லை. குளத்துப் பக்கம் போனவர்கள் இசக்கி வெற்றிலை போட்டுக்கொண்டு மடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஈரம் கண்ட இடத்தில் இருபது பேர் களிமண் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சொரிமுத்து என்று சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் ஊர் ஊராக ஏடுகள் புறப்பட்டன. நாற்பத்தொரு பேர் பெயரோடு இருந்த வரலாறு அதில் இருந்தது. அதே கயிற்றில் ஆட்டுக் கதையும் இருந்தது, கிடாவுக்குப் பேர் இல்லாமல்.

பூதத்தான் ஒரு ஏட்டைப் பிரித்துப் பார்த்தார். தன் கதைதான், ஒரு வரி குறையவில்லை. பேராச்சியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். சந்தோஷப்பட வேண்டிய ஆள் குழம்பிப்போய் இருந்தார்.

"அம்மா, ஒன்னு கேக்கேன்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சத்தியமா நான் கடம்பவர்மன நெனச்சுத்தான் எழுதினேன். வேற ஆளு என் மனசுலயே கெடையாது. சொரிமுத்து அப்ப பாவம், ஓடம் விட்டுக்கிட்டிருந்தாரு. அவருக்கு அது எப்படிப் பொருந்திச்சு? நான் எழுதினது அப்ப யாரு கதை?"

பேராச்சி அந்த ஏட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மொத மொத அத இங்க வாசிச்ச நாளு ஞாபகம் இருக்கா?"

"இருக்காம என்ன? வாசிச்சு முடிச்சதும் நீங்க ஒரு வார்த்த சொல்லல. எந்திரிச்சு வெளிய போயிட்டிய. பொழுது சாயத்தான் திரும்பி வந்திய."

"ஏன் போனேன்னு நெனச்சிய?"

"கதை புடிக்கலன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம், ராசா ஆளுவ காதுல விழுந்திருக்குமோன்னு பாக்கப் போயிருக்கியன்னு நெனச்சேன்."

"எனக்கு ராசா ஞாபகமே வரல அண்ணாச்சி."

பூதத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க வாரதுக்கு முன்னால இங்க மாடத்தின்னு ஒருத்தி படிச்சா. கெட்டிக்காரி. ஒரு நாளு நான் கதை சொல்லிக்கிட்டிருக்கப்ப, அதுல ஒரு தப்பு இருக்குன்னு சொன்னா. இருக்கத்தான் செஞ்சுது. நீ குறுக்க பேசினா நான் சொல்லுதது மத்தவியளுக்கு எப்படிக் கேக்கும்னு அவளக் கேட்டேன். அதோட அவ வரல. மத்தவியளும் அதுக்கப்புறம் என் கதைல தப்பு சொல்லல. எனக்கு அது சௌரியமாத்தான் இருந்துச்சு."

அப்படி ஒருத்தி இருந்ததையே பூதத்தான் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சாவடியில் யாரும் அவள் பேரைச் சொன்னதில்லை.

"கிடா வாயத் தெறந்ததும் எனக்கு உங்க மேல அப்படி ஒரு கோவம். நம்மள எழுதிட்டு வந்து நம்மகிட்டயே வாசிக்காவளேன்னு."

பூதத்தான் கிட்ட நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"அன்னைக்கு எங்கம்மா போனிய?"

"மாடத்தி வீட்டுக்கு" என்றார் பேராச்சி.